பச்சை ஆடு

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு
யாஸ்னா குஷானோவிச் தன் யோசனைகளைப்
பழைய ரசீதுகளின் முதுகில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.
மேலாளர் ஒர்மாசாபலிடம் இருந்தது ஒன்றே ஒன்று:
கரடி.
கரடிக்குள் நான்.

புன்டா அரேனாஸில் காற்று
வீட்டுக்காரனையே விரட்டும் குடித்தனக்காரன்.
நவம்பரில், போரியெஸ் தெருமுனையில்,
கரடித்தலையைப் பிடித்துத் திருகி
முகத்தை முதுகுப்பக்கம் வைத்துவிட்டது.
கண்துளைகள் போன இடத்தில் இருட்டு.
அன்று முழுக்க நான் கையசைத்து வரவேற்றது
மருந்துக்கடைச் சுவரை என்று
பிறகுதான் சொன்னார்கள்.
மூன்று தெருநாய்கள் மட்டும்
என்னை நம்பிக் கடைவரை வந்தன.

பொம்மைப் பிரிவு மூன்றாம் மாடியில்.
லிஃப்ட் இரண்டோடு நின்றுவிடும்.
படியேறி வருகிறவருக்கு எதிரே
கண்ணாடி அலமாரி,
அலமாரிக்குள் பெட்டி,
பெட்டிக்குள் பிளாஸ்டிக்,
பிளாஸ்டிக்குக்குள் பொம்மை,
எல்லாவற்றுக்கும் வெளியே 'தொடாதே'.
"இது பொம்மைக்கடையா, பிணவறையா?"
என்றாள் யாஸ்னா.
ஒர்மாசாபல் பேனாவை மூடினார்.
தள்ளுபடி பத்து சதவீதம், பலூன், கரடி.
கூட்டம் முடிந்தது.

மேசையில் அவள் விட்டுப்போன ரசீதுகளை
நான்தான் பொறுக்கினேன்.
ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டியைத் திறந்துவிடு.
விலைச்சீட்டு அப்பாக்களின் கண்ணுயரத்தில்,
பொம்மை பிள்ளைகளின் மூக்குயரத்தில்.
தெருப்பக்க ஜன்னலை ஒன்பது வயதுக்காரி ஒருத்தியிடம்
சாவியோடு கொடு, கேள்வி கேட்காதே.
ஒன்றில் காபிக் கறை, எழுத்து தெரியவில்லை.
கடைசி ரசீதில் ஒரே சொல்: ஆடு.

வியாழன் மாலை, யாரையும் கேட்காமல்
ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள்.
"கவனிக்கவும். மூன்றாம் மாடியிலிருந்து
பன்னிரண்டு பச்சை ஆடுகள் தப்பிவிட்டன.
காண்பவர்கள் பட்டியில் கொண்டுவந்து சேர்க்கவும்.
கடிக்காது."

கடை ஒரு நொடி மூச்சைப் பிடித்தது.
பிறகு செருப்புப் பிரிவில் ஒரு பெட்டி விழுந்தது.
பிறகு பதினாறு.
குக்கருக்குள் ஒன்று அகப்பட்டது,
மழைக்கோட்டுப் பையில் ஒன்று,
மெத்தை விற்கிற எரால்தோ
மெத்தைமேலேயே தூங்கிக்கொண்டிருக்க
அவர் அக்குளில் ஒன்று
(அங்கே வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்,
சொல்லமாட்டேன்).
ஆட்டைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் படியில் பறக்க,
பின்னால் இரைக்க இரைக்கப் பெரியவர்கள்.
"இப்படி ஒரு மாடி இருக்கிறதா!"

மேலே, மரக்கட்டைகளை அடுக்கி
யாஸ்னா வேலி போட்டிருந்தாள்.
ஒவ்வொருவருக்கும் ரசீது எழுதினாள்:
'பெறப்பட்டது ஆடு ஒன்று. பசியோடு.'
வாசலில் காவல் நான்,
தலையைக் கழற்றி இடுக்கிக்கொண்டு.
"கரடி ஆட்டைத் தின்னாதா?" என்றான் ஒரு பையன்.
மதியம் எம்பனாடா சாப்பிட்டாயிற்று என்றேன்.
அவன் நம்பவில்லை.
பூட்டும்வரை வேலியருகே உட்கார்ந்து
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்ணிப் பார்த்தோம். பதினொன்று.
மறுபடி எண்ணினோம். பதினொன்று.
ஒர்மாசாபல் கணக்கில் எழுதினார்: இழப்பு, ஒன்று.
விற்பனைத் தொகையை வாய்விட்டுச் சொல்லவில்லை,
ஆனால் பலூனுக்கு ஒதுக்கிய பணத்தில்
லிஃப்டைச் சரிசெய்யலாமா என்று கேட்டார்.
"ஐயோ, வேண்டாம்" என்றாள் யாஸ்னா.

ஞாயிற்றுக்கிழமை, போர்வெனீருக்குப் போகும் படகில்
எனக்கு இரண்டு வரிசை முன்னால்
சிவப்புத் தொப்பிக்காரச் சிறுமி.
ஜன்னல் கண்ணாடியில் மூக்கு அழுந்த ஒரு பச்சை ஆடு,
கழுத்தில் எங்கள் கடை விலைச்சீட்டு
படகாட்டத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டு.
கரடித்தலை இல்லாத என்னை அவளுக்குத் தெரியவில்லை.
அக்கரையைச் சுட்டி
ஆட்டின் காதில் சொன்னாள்:
"அங்கே போனதும் சாப்பிடலாம்,
இன்னும் கொஞ்ச நேரம்தான்."
நான் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்தினேன்,
தலைகீழாக என்று பிறகுதான் கவனித்தேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில்
அந்த ஒன்று எங்கே என்று கேட்டார்கள்.
காற்று கொண்டுபோயிருக்கும் என்றேன்.
இந்த ஊரில் அதை யாரும்
மறுத்துப் பேசமாட்டார்கள்.