கம்பிக்கு இந்தப் பக்கம்

"குடிப்பீங்களா?"
இல்லை என்றேன்.
"என்ன வேலை?"
டாஸ்மாக்கில் சேல்ஸ்மேன் என்றதும்
டாக்டர் அஃப்ரோஸின் பேனா
தாளைத் தொடாமல் நின்றது.

பக்கத்து நாற்காலியில் செல்வராணி
கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.
பதினேழு வருஷத்தில் ஒருநாளும்
வாயை ஊது என்று சொல்லாதவள்.
என் சட்டையை மட்டும்
தனி வாளியில் ஊறவைப்பவள்.

வியாசர்பாடிக் கடையில்
கம்பிக்கு இந்தப் பக்கம் நான்.
முகங்களைவிடக் கைகளைத்தான் தெரியும்.
மோதிரம் போன விரல்,
சிமெண்ட் காயாத நகம்,
பகல் பன்னிரண்டுக்கே நடுங்கும் ஒன்று.
பத்து மணிக்கு ஷட்டர். கணக்கு முடியப் பதினொன்று.
அப்புறம்தான் என் பசி கண் விழிக்கும்.
மூலக்கடையில் நாலு பரோட்டா,
சால்னா ஊற்றச் சொல்லிக் குளமாக,
மேலே சில்லென்று ஒரு கலர்.
இதைக் குடி என்று யார் சொல்வார்?

போன வாரம் வெறும் வயிற்றில் போயிருந்தேன்.
ரப்பர் பட்டை கட்டி நரம்பைத் தட்டிய ஜோஸ்லின்
"அங்க பார்க்காதீங்கண்ணா" என்றாள்.
பார்த்தேன்.
மஞ்சள் மூடி ஒன்று, ஊதா மூடி ஒன்று,
இரண்டிலும் என் பெயர் ஒட்டியிருந்தது.
லேபிள் பார்த்தே வயதானவன்
முதன்முதலாகப் பாட்டிலுக்குள் நின்றேன்.

"எஸ்ஜிஓடி ஐம்பத்திரண்டு,
எஸ்ஜிபிடி எண்பத்தொன்று.
குடிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் ஓடி முந்தும்.
இவருக்குப் பிடி முந்துது.
கொழுப்பும் எகிறியிருக்கு, சர்க்கரை எல்லையில நிக்குது.
இதை மட்டும் வச்சு முடிவு கட்ட முடியாது,
ஸ்கேன் பார்க்கணும்.
ஆனா..."
என்னிடம் அல்ல, செல்வராணியிடம் சொன்னார்.
ஜிப் பாதியில் நின்றது.

ஈரக்குலை நடுங்குது என்கிறோம்.
அது நடுங்குவதில்லை.
வலிக்காமல், சொல்லாமல்,
கொழுத்துக்கொண்டு கிடக்கிறது.

தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டார்.
வயது நாற்பத்துநாலு, பெருக்கல் ஐம்பத்திரண்டு.
கீழே தட்டணு, ஆயிரங்களில், இருநூற்றுப் பத்து.
அதோடு எண்பத்தொன்றின் வர்க்கமூலம்...
"ஒன்பது" என்றேன், முந்திக்கொண்டு.
நிமிர்ந்து பார்த்தார்.
பி.காம். மேடம்.
இத்தனை வருஷம் கம்பிக்குள்
கழித்தல் மட்டுமே கேட்டார்கள்.

ஒன்று புள்ளி இரண்டு ஒன்று.
"தழும்பு விழுந்திருக்க வாய்ப்பு கம்மி.
இப்போதைக்கு.
பரோட்டாவை விடுங்க. நடங்க.
ஆறு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் கொடுங்க."

பஸ்ஸில் செல்வராணி
என் தோளில் முகத்தை வைத்தாள்.
தூங்கவா, மோந்து பார்க்கவா,
நான் கேட்கவில்லை.
ஜமாலியா தாண்டும்வரை எடுக்கவில்லை.

பன்னிரண்டுக்குக் கடை திறந்தேன்.
முதலில் அந்த நடுங்கும் கை.
உனக்கு எது முந்துது அண்ணே,
எத்தனை வருஷமாக,
யாராவது ஊதா மூடியில் பிடித்துப் பார்த்தார்களா?
உதடு வரை வந்தது.

குவார்ட்டரை வைத்தேன்.
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்,
இரண்டு முறை.