அவன் திரும்பும் இடம்

மொராக்கோ, வர்ஸாஸாத். விடிகாலை நாலு மணி.
ரொட்டிக்கடை இன்னும் திறக்கவில்லை.
பேருந்துக்கு முன்னால் அறுபது பேர் நிற்கிறோம்,
ஜெருசலேம் போவதற்கு.
போன மாதம் ரோமாபுரி.
அதற்கு முன் காபூல். அங்கே எனக்கு இரண்டு பிள்ளைகள்,
இரண்டும் இரவல் பிள்ளைகள்,
ஒன்று என் முழங்கையைக் கடித்துவிட்டது.

லஹ்சன் முகம் முகமாக டார்ச் அடிக்கிறான்.
தங்கப்பல் இருந்தால் ஒதுங்கு.
புருவம் திருத்தியிருந்தால் ஒதுங்கு.
கைக்கடிகாரம் கட்டிய தடம் வெளுத்துத் தெரிந்தால்
சேற்றை அள்ளிப் பூசு.
நாளொன்றுக்கு முந்நூறு திர்ஹாம், ஒரு கிண்ணம் பருப்பு.
செத்தால் ஐம்பது கூடுதல்.

என் பெயர் துடா. வயது முப்பத்தெட்டு.
மற்ற நாட்களில் ஓட்டல் துணிகளை வெளுக்கிறேன்.
பெரிய இயந்திரம் சுழலத் தொடங்கியதும்
அந்த இரைச்சலுக்குள் நின்று பேசிப் பழகுவேன்:
கணவனைக் காட்டிக்கொடுத்தவள்,
நாட்டை இழந்த அரசி,
பேருந்தில் சில்லறை குறைந்துபோனவள்.
மூன்றாமவள்தான் கடினம்.
அவள் விரல்களைத் தெரிந்துகொள்ள
நடந்து போகிற தூரத்திற்கு
ஒரு வாரம் டிக்கெட் எடுத்தேன்.

"பதினாலு வருஷமா
உன் முதுகைத்தானே படம் பிடிக்கிறாங்க?"
என்றாள் தங்கை இத்தோ.
முதுகும் நடிக்கும் என்றேன்.
சொன்ன பிறகு கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.
அன்றிரவு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று
பயந்து பார்த்தேன்.

பிறகு ஒருநாள், லிஸ்பனிலிருந்து வந்த நடிகைக்கு
வெயில் தாங்காமல் வாந்தி.
அவளுடைய அங்கி எனக்குப் பொருந்தியது,
அவ்வளவுதான் என் அதிர்ஷ்டம்.
ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில்:
கதவு திறந்தேதான் இருந்தது.
சிறை உடைந்த மறுநாள்
காவல்தலைவன் சந்தில் நடந்து போகிறான்.
அவன் முதுகைப் பார்த்து நான் சொல்ல வேண்டும்.
ஒரு முதுகிடம் பேச
என்னைவிட யாருக்குத் தெரியும்?

பதினோரு முறை எடுத்தார்கள்.
ஏழாவது முறை விமானம்.
எட்டாவதில் கழுதை.
ஒன்பதாவதில் ஆங்கிலம் தொண்டையில் நின்றுபோய்
என் வீட்டு மொழி, தஷெல்ஹித், வெளியே வந்தது.
அதே அர்த்தம். வேறு கதவு.
அவன் திரும்பிப் பார்த்தான்.
வசனத்தாளில் அவன் திரும்புவதாக இல்லை.

படம் வந்தது.
இத்தோவின் கீறல் விழுந்த கைப்பேசியில் பார்த்தோம்.
ஒரு மணி ஐம்பத்திரண்டாவது நிமிடம்.
நான் இல்லை. என் குரலும் இல்லை.
அந்த இடத்தில் காற்றை வைத்திருந்தார்கள்.
இத்தோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்,
துக்க வீட்டில் பிடிப்பதுபோல.

அப்போது அவன் திரும்பினான்.
போய்க்கொண்டிருந்த மனிதன்
கழுத்தை மட்டும்,
அடுத்த தெருவில் தன் அம்மா கூப்பிட்டதுபோல.
காற்றுக்கா அப்படித் திரும்புவார்கள்?
ஓட்டி ஓட்டிப் பார்த்தேன், பேட்டரி தீரும்வரை.
இத்தோவிடம் சொன்னேன்.
"ம்" என்றாள்.

நம்ப வேண்டியவள் நான் ஒருத்திதான்.
அதுவும் எல்லா நாளும் முடிவதில்லை.
சில வாரம் துணி மட்டும் வெளுக்கிறேன்,
இயந்திரம் மட்டும் பேசுகிறது.

இன்று நாலு மணி. முகத்தில் டார்ச்.
"அழ வருமா?" என்கிறான் லஹ்சன்.
"யார் செத்தது?" என்கிறேன்.
தாளைப் புரட்டுகிறான். அதெல்லாம் எழுதவில்லை.
எனக்குப் பின்னால் வரிசை இருமுகிறது.
"அண்ணன்னு வெச்சுக்கோ. ஏறு."

ஜெருசலேம் போய்ச் சேர நாற்பது நிமிடம்.
அதற்குள் அந்த அண்ணனுக்கு
ஒரு பெயர் வைத்தாக வேண்டும்.