இருபத்திரண்டு

மதேராத் தீவில் மலை செங்குத்து.
ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக
முன்பெல்லாம் கடலுக்கு இறங்கிப் படகேற வேண்டும்.
எலிக்கு யார் படகு தருவார்?
கப்பல் தானியத்தோடு வந்தவை
இறங்கிய பள்ளத்திலேயே தங்கிவிட்டன.

வாழைத் தோட்டத்துக் கொட்டகையில்
பொறியை நீட்டுகிறார் ஃபிர்மினோ.
"இத்தனூண்டுக்கு ஃபுன்ஷாலில் ஓர் ஆய்வகமா?"
சிரித்தால் முன்பல் இரண்டு இல்லை.
வாலைப் பிடித்துப் பைக்குள் விடுகிறாள் கிராசியெட்.

தொடையெலும்பின் மஜ்ஜை. உப்புநீரில் உப்பிய செல்கள்.
முழ உயரத்திலிருந்து
கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சொட்டு.
விழுந்து சிதற வேண்டும், அதுதான் கைப்பக்குவம்.
சாயமேறியதும் ஊதாப் புழுக்கள்.

வீட்டெலிக்கு நாற்பது குரோமோசோம்.
இதற்கு இருபத்திரண்டு.
காப்பி குடித்துவிட்டு வந்து எண்ணுகிறாள்:
இருபத்திரண்டுதான்.

தொலையவில்லை.
குச்சிகுச்சியாய்க் கிடந்தவை
முனையோடு முனை ஒட்டிக்
கவட்டையாய் விரிந்திருக்கின்றன,
நிலைமொழி ஈற்றில் வருமொழி வந்து புணர்வதுபோல.
நடுவில் ஓர் எழுத்து கெடும்;
பொருள் கெடாது.

மலைக்கு அந்தப் பக்கம் வேறு புணர்ச்சி.
இங்கே மூன்றோடு எட்டு என்றால்
அங்கே மூன்றோடு பதினான்கு.
எலிகளுக்கு இது தெரியாது.
அதே மீசை, அதே திருட்டு.

இப்போது மலையைக் குடைந்து சுரங்கச் சாலை.
வாழைத்தார் லாரியில் அந்தப் பள்ளத்து எலி
இந்தப் பள்ளத்துக்கு வருகிறது. கூடுகிறது.
பிறக்கும் குட்டி வளர்ந்து
தானும் குட்டி போடப் பார்க்கும்போதுதான் சிக்கல்:
செல் பிரியும் வேளையில்
மூன்று யாரோடு போவது?
எட்டு இழுக்கிறது, பதினான்கு இழுக்கிறது,
சங்கிலி நீள்கிறது.

மேசை இழுப்பறையில்
இன்னொரு கண்ணாடித் துண்டு இருக்கிறது.
அதன் சீட்டில் பள்ளத்தாக்கின் பெயர் இல்லை.
அவளுடைய ரத்தம்.
மூன்று வருடம், நான்கு கரு,
பிறகுதான் எடுத்தார்கள்.
நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தைந்து.
பதிமூன்றும் பதினான்கும்
அவள் பிறக்கும் முன்பே சேர்ந்து,
ஒருநாளும் வலிக்காமல்.

அதை அவள் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தது
ஒரே ஒரு முறை.
நன்றாகச் சிதறியிருந்தது,
வேறு யாரோ நல்ல கைக்காரர்.

சாயங்காலம் ஃபிர்மினோவின் தொலைபேசி:
"இன்னொன்று மாட்டியிருக்கிறது. சினை போலிருக்கிறது.
அந்தப் பள்ளத்துக் கலப்போ என்னவோ.
கொண்டு வரவா?"

"வேண்டாம். பெட்டியில் வைக்கோல் போடுங்கள்.
ஈனட்டும்."

"ஈன்றால்?"

"எத்தனை என்று
எண்ணிச் சொல்லுங்கள்."