மூன்றாம் எண் கொட்டகை

சனிக்கிழமை காலை ஆறரைக்கு
பூங்காத் துறையின் பச்சை வண்டியில்
பெயர்ச் சீட்டுகளோடு கிளம்புவேன்.
ஒன்றாம் எண் கொட்டகை: ஞானஸ்நான விருந்து.
இரண்டு: பல் மருத்துவமனை ஊழியர்கள்.
மூன்று: ஆஸ்ட்ரவ்ஸ்கி குடும்பம், அறுபது பேர்,
பதினொன்று முதல் நான்கு வரை.

மூன்றின் உத்தரத்தில்
பாசியும் சேறும் குழைத்துக் கட்டிய கூடு.
ஏப்ரலிலேயே தட்டிவிடச் சொல்லியிருந்தார்கள்.
ஏணியோடு போனேன்.
ஏறினேன்.
ஈரம் காயாத சேற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு
இறங்கினேன்.
ஏணி சரியில்லை என்று எழுதிக்கொடுத்தேன்.

ஃபீபி அந்தப் பறவையின் பெயர்.
நாள் முழுக்க அதையேதான் சொல்லும்,
இரண்டாம் முறை கொஞ்சம் இழுத்து,
தனக்கே சந்தேகம் வந்ததுபோல.
முன்பணம் கட்டாதது.
வரிசையில் நிற்காதது.

டெல்மர் ஆஸ்ட்ரவ்ஸ்கி நின்றார்.
ஜனவரியில், பதிவு திறக்கும் நாளில்,
மைனஸ் இருபதில்,
விடியுமுன் ஐந்து மணிக்கே அலுவலக வாசலில்
மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்குமாக.
"ஏரி தெரிகிற கொட்டகை" என்றார்.
மூன்றில்தான் தெரியும்,
அதுவும் இடதுகோடி மேசையில் உட்கார்ந்தால்.

பத்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது.
பன்னிரண்டுக்குக் குப்பைப் பைகளோடு நான் போனபோது
கரியடுப்பில் அடுக்கடுக்காய்ச் சோளக்கதிர்.
எட்டு மேசையிலும் காகித விரிப்பு,
பறக்காதிருக்க மூலைக்கொரு கூழாங்கல்.
அவர் மட்டும்.

"மழையாம்" என்றார், கைபேசியைக் காட்டி.
பிறகு, நான் கேட்காமலே:
"போன வருஷம் வெயிலாம்."

முதலில் ஓடிவந்தவர்கள் டிஸ்க் கால்ஃப் பையன்கள் மூவர்,
பதினோராவது கூடையோடு ஆட்டத்தை விட்டுவிட்டு.
படகுத்துறையிலிருந்து பாவ் வாங்கும் அவர் மச்சானும்,
வாளியில் செவுள் நீலித்த மீன்கள் ஏழு.
குதிரைத் தடத்தில் நனைந்த இரண்டு பெண்கள்;
ஒரு குதிரை தலையை மட்டும் கூரைக்குள் நீட்டியது.
கடைசியில் பறவைக் கணக்கெடுக்கும் மேரிபெத் டாலஃப்சன்,
நோட்டுப் புத்தகத்தை மார்புக்குள் மறைத்தபடி.

யார் எவரென்று டெல்மர் கேட்கவில்லை.
வெண்ணெய் வழியும் கதிரை நீட்டினார்.
பாவ் வாங் கத்தியை எடுத்தார்.
கரியில் மீன் விழுந்த ஓசையும்
தகரத்தில் மழையும்
கொஞ்ச நேரம் ஒரே ஓசை.

"எல்லாரும் எழுந்திருங்கள்" என்றாள் மேரிபெத்.
வெளியே வேலிக்கம்பத்தில்,
அலகில் ஒரு தட்டானைக் கவ்வியபடி
வாலை ஆட்டிக்கொண்டிருந்தது ஃபீபி.
கூட்டத்துக்குப் பயந்து உள்ளே வரவில்லை.
கூடு இருந்தது இடதுகோடி மேசைக்கு மேலே.

முதலில் எழுந்தவர் டெல்மர்.
தன் தட்டை எடுத்துக்கொண்டார்.
வேறெந்த மேசையிலிருந்தும்
ஏரி தெரியாது.
நடுவில் வந்து, குதிரைக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

பறவை உள்ளே பாய்ந்தது.
உத்தரத்தில் ஐந்து வாய்கள் திறந்ததை
வாயில் சோளத்தோடு
எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம்.

நான்கு மணிக்குப் படிவம் நிரப்ப வேண்டும்.
பதிவு: அறுபது.
வந்தவர்கள்:
இங்கே பேனா நின்றது.
குதிரைகளைச் சேர்ப்பதா?
இடதுகோடி விரிப்பில் வெள்ளை எச்சம், ஒரு தட்டான் சிறகு.
சேதம்: இல்லை.
முன்பணத்தைத் திருப்பித் தரலாம்.

மிஞ்சிய கதிர்களில் ஆறை
தாளில் சுற்றி என் இருக்கையில் வைத்தார்.
நான்காம் எண் கொட்டகை போகும் வரைக்கும்
வண்டியின் கண்ணாடியெல்லாம் ஆவி.