மூன்று சென்ட் நீங்கலாக

எழுதிக் கொடுத்த பத்திரத்தில்
நான்கு எல்லையும் சரியாக இருந்தது.
வடக்கே ஓடை, தெற்கே ரயில்வே நிலம்,
'கல்லறைகள் உள்ள மூன்று சென்ட் நீங்கலாக' என்று
பத்திர எழுத்தர் பக்கத்தில் நின்று நான்தான் சொன்னேன்.
கல்லறைகளை விட்டுவைத்தேன்.
அங்கே போகும் வழியை
விட்டுவைக்கச் சொல்ல மறந்துபோனேன்.

அதனால் ஒவ்வொரு ஐப்பசியிலும்
கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால்
தசரதனுக்குப் போன் போட வேண்டியிருக்கிறது.
முதலில் லத்தேரிப் பக்கம் மழை எப்படி என்பேன்.
பிறகு மோட்டார். பிறகு ஆலை பாக்கி.
கடைசியில்தான் வழி.

காலையிலிருந்து தயார் செய்கிறேன்.
கிளிஞ்சல் சுண்ணாம்பு நாலு கிலோ
பழைய பெயின்ட் டப்பாவில் கொதிக்கிறது.
நீலம் ஒரு சிட்டிகை.
மழை வந்தால் ஒட்டாது என்கிறாள் பிலோமினா.
மழை வராத கல்லறைத் திருநாளை
அவள் எங்கே பார்த்தாள்?
அரிவாள் பிடி ஆடுகிறது, துணி சுற்றினேன்.
சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைக்கும்;
கண்டக்டராக இருந்தபோது டெப்போவில் கொடுத்த ஷூ
இன்னும் ஒரு வருஷம் தாங்கும்.

அக்கா அரக்கோணத்திலிருந்து பேசினாள்.
ஏழு பெயரையும் வரிசையாகச் சொல்லச் சொன்னாள்,
பரீட்சை மாதிரி.
இஞ்ஞாசிமுத்து. அவர் முதல் மனைவி சவுரியம்மாள்.
இரண்டாம் மனைவிக்குக் கல் மட்டும், எழுத்தில்லை.
பேதியில் ஒரே வாரத்தில் போன அண்ணன் தம்பி.
சித்தப்பா. அப்பா.
சித்தப்பாவுக்குக் குழி வெட்டும்போதே
தனக்கான இடத்தை அப்பா காட்டிவிட்டார்,
நடுவில் ஒரு கடப்பாரை நீளம் விட்டு.
பேச்சுவார்த்தை இல்லை இருவருக்கும்.

நிலத்தை ஏன் விற்றாய் என்று அக்கா கேட்பதில்லை.
அவள் பங்கை வாங்கிக்கொண்டாள்.
"நானும் விசாரிச்சேன்னு அப்பாகிட்ட சொல்லு."
அதோடு சரி.

தசரதன் போனை எடுத்தார்.
"கரும்பு வெச்சிட்டன் சார், நடுவுல வர முடியாது.
ஓடைப் பக்கமா வரப்பு மேல வாங்க.
முள்ளு பூரா நானே கழிச்சிட்டன்."
எட்டு வருஷத்தில் அவர் முள் கழித்ததில்லை.
நன்றி சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை.
அந்தப் பக்கம் ஒரு ரயில் போனது, கூட்ஸ் போல,
கடைசிப் பெட்டி வரைக்கும் பேசாமல் இருந்தார்.

"ஆடியில மருமவளுக்கு ஒண்ணு பொறந்துச்சு சார்.
வேலூர் பெரியாஸ்பத்திரி வரிக்கும் எடுத்துனு போனோம்.
மூணு நாளு.
எங்க நெலத்துல எங்க வெச்சாலும் ஏர் ஓடும்.
உங்க எடத்துலதான் ஒருத்தரும் உழ மாட்டாங்க.
கேக்காம வெச்சிட்டன்."

என்ன சொல்வதென்று தெரியாமல்
எந்த மூலையில் என்று கேட்டேன்,
டிக்கெட் கிழிப்பவன் ஊர் கேட்பதுபோல.
"எழுத்தில்லாம ஒரு கல்லு கீதே,
அதும் பக்கத்துல."

அந்த அம்மாளுக்குப் பிள்ளை இருந்ததாக
எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சாயங்காலம் கடைக்குப் போனேன்.
இன்னும் ஒரு கிலோ சுண்ணாம்பு.
அதன்மேல் பூசலாமா என்று அவரைக் கேட்க வேண்டும்.
சிலுவை போடக் கூடாது, அதுவரை தெரியும்.
சீட்டில் ஒரு பால் பாக்கெட் எழுதினேன்,
அடித்தேன்,
அடித்ததன் கீழே மறுபடி எழுதினேன்.

மெழுகுவர்த்தி பாக்கெட்டில் பத்து இருக்கும்.
ஏழு போக மூன்றை
கரண்ட் போகும் ராத்திரிக்கென்று
பிலோமினா எடுத்து வைப்பாள்.
எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்தவளிடம்
"இந்த வருஷம் ரெண்டுதான் மிஞ்சும்" என்றேன்.
ஏன் என்று நிமிர்ந்தாள்.

பையைத் திறந்து
அரிவாளை எடுத்து வெளியே வைத்தேன்.
அவர்தான் முள் கழித்துவிட்டாரே.