காந்தம்

பெட்டியைப் பிரித்ததும் முதலில் விழுந்தது
எட்டு மொழிகளில் ஒரு துண்டுத்தாள்.
தமிழ் அதில் இல்லை.
காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இதில் வேகும் என்று
மார்த்தாண்டத்துக் கடைப்பையன்
வாயால் சொல்லிவிட்டிருந்தான்.

பிரிட்ஜ் கதவிலிருந்து காந்தத்தை உரித்தெடுத்தேன்.
குவைத்தின் நீலக் கோபுரங்கள், மூன்று,
மெட்டில்டா முதல் லீவில் கொண்டுவந்தது.
அதைக் கையில் நீட்டிக்கொண்டு
அடுக்களை முழுக்க நடந்தேன்
மந்திரிக்க வந்தவன் மாதிரி.

அவள் சீதனத்து வெண்கல உருளி: ஒட்டவில்லை.
அலுமினியக் கஞ்சிப்பானை: வழுக்கி விழுந்தது.
சாளைக்கறி ஊறிக் கறுத்த மண்சட்டியிடம்
கேட்கவே வேண்டாம். இருந்தும் கேட்டேன்.
கடைசியில்
குருசடித் திருவிழாவில் வளையம் எறிந்து ஜெயித்த
ஐம்பது ரூபாய்ச் சட்டி
டக்கென்று கோபுரங்களைக் கவ்விக்கொண்டது.
அன்றிலிருந்து சோறும் அதில்தான்
சாயாவும் அதில்தான்.

நல்லதுதான். குறை சொல்ல மாட்டேன்.
ரண்டு மணிக்கு எழும்பி
நெற்றி விளக்கோடு முந்நூறு மரம் வெட்டி
பாலெடுத்து உறையூற்றி வந்த பிறகு
ஈரக் கொதும்போடு மல்லுக்கட்டி
ஊதி ஊதித் தலைசுற்ற வேண்டாம்.
மூன்றாம் நிமிடம் வெந்நீர்.
ஒரு சொல்தான் கிடைக்கவில்லை இதற்கு.
தீ மூட்டினேன் என்று சொல்ல வாய் கூசுகிறது.
அமுக்கினேன் என்றால் யாருக்குப் புரியும்?

நாலாம் நாள் தங்கலீலா வேலி சுற்றி வந்தாள்,
ஒரு கும்பா மரச்சீனிக் கிழங்கு,
மேலே நசுக்கின காந்தாரி முளகு.
"ஓட்டுக்கு மேல பொகையக் காணல்ல.
தீனமா கெடக்கியளோன்னு நெனச்சேன்."
அடுப்பைக் காட்டினேன்.
அதன் கறுத்த கண்ணாடியில் முகம் பார்த்து
முடியை ஒதுக்கிக்கொண்டாள்.
கிழங்கைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை,
அப்புறம் ஒருநாளும் கொண்டுவரவும் இல்லை.

பூனைக்குத்தான் கோபம்.
ஆறிப்போன சாம்பல் குழியில்
ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தது.
பிறகு வைஃபை பெட்டிமேல் ஏறிவிட்டது.
இப்போது மெட்டில்டா கூப்பிட்டால்
திரையில் பாதி வால்.

அந்தத் திரையில்தான் வந்தது வினை.
ஒன்பது வருஷம்
இந்த அடுக்களையில் நின்றுதான் பேசியிருக்கிறேன்.
"கண்ணு என்ன செவந்திருக்கு?"
"பொகை புள்ள. ரப்பர் வெறகு, பச்சை."
அவள் நம்பினாள்.
இல்லை, நம்பினதாக வைத்துக்கொண்டு
மாசம் கொஞ்சம் ஒதுக்கி
இந்த அடுப்பை வாங்க வைத்தாள்.

நேற்று, அவளுக்கு நைட் ஷிப்ட் முடிந்த நேரம்.
ஒப்பந்தத்தைப் புதுக்கியாச்சு,
இன்னும் ரண்டு வருஷம், என்றாள்.
வீட்டுக்கடன் கணக்கும் சொன்னாள்.
சட்டி கொதித்து, சத்தமிட்டு, தானாகவே அணைந்தது.
அவள் திரைக்குக் கிட்டே வந்தாள்.
"கண்ணு என்ன செவந்திருக்கு?"

சுவரில் கரி. ஓட்டில் கரி.
பின்பக்கம் விறகு இன்னும் ஒரு ஆள் உயரம்.
நடுவில் சுத்தமான காற்று,
ஒளிய ஒரு இழைகூட இல்லை.

உள்ளி அரியுதேன் என்றேன்.
கையில் கத்தி இல்லாதது
படத்தில் தெரிந்திருக்கும்.

அவளும் கண்ணைத் துடைத்தாள்.
அவர்கள் தங்குகிற அறையில்
அடுப்பே கிடையாது என்று
எப்போதோ சொல்லியிருக்கிறாள்.