ஒழுகல்

கருவி சொல்கிறது: வரைபடம் ஒழுகுகிறது.
எங்கோ இரண்டு சுவர்கள் சேருமிடத்தில்
ஒரு மயிரிழை.
அதன் வழியே உள்ளே வந்துவிடுகிறது
ஒன்றுமே இல்லாத கருப்பு.
அடைக்கும்வரை
வெளிச்சத்தைக் கணக்கிட மாட்டேன் என்கிறது.

ஒழுகலைப் பற்றிக் கோத்தகிரிக்காரிக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே தார்ப்பாய்,
தார்ப்பாய் மடிப்பில் பெயிண்ட் டப்பா,
ஐப்பசி முழுக்கச் சொட்டு எண்ணியே கடை நடத்துகிறேன்.
இதிலாவது
ஓட்டைவரை ஒரு சிவப்புக் கோடு கிழித்துத் தருகிறார்கள்.
பின்னாலேயே போனேன்,
சலிக்கும் அறை, கன்வேயர், கரி அடுப்பு தாண்டி.
இரவு பன்னிரண்டேகாலுக்கு அகப்பட்டது:
டிரையரின் புகைபோக்கியில்
ஓர் அலகு இடைவெளி.
ஒரே ஓர் அலகு.

நானும் இந்த விளையாட்டும் ஒரே வருஷம் பிறந்தோம்.
இருநூற்றைம்பத்தாறு நிறம் இதற்கு,
பாதி துரு, மீதி சேறு,
பச்சை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.
தோட்டத்தைக் கட்ட முடியாது.
அதனால்தான் ஃபேக்டரியை எடுத்தேன்.
உள்ளே போனதும் இலையே பழுப்பாகிவிடுகிறதே.

பெலிக்ஸ் பி.எஃப். பாரம் நகலெடுக்க வந்தான்.
ஷிப்ட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.
ஆடிப் பார் என்றேன்.
சுடவே இல்லை.
பூதம் பின்னால் வந்து அறைகிறது,
இவன் அண்ணாந்து
வாட்டும் தொட்டியின் விசிறியைப் பார்க்கிறான்.
மூன்று தடவை செத்தான்.
பிறகு கேட்டான்:
"என்னக்கா, கீழேருந்து மேலே ஏத்துறீங்க?
மாடியில வாடி, கீழ எறங்கித்தான் எல உருளும்.
தேயிலை ஏறாது."

மறுநாள் வெளியிடுவதாக இருந்தேன்.

தலைகீழாகத் திருப்பினேன்.
சிவப்புச் சாவி இருந்த மேடையில் இப்போது வாசல்,
வாசல் இருந்த கிடங்கில் கடைசிப் பூதம்.
ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுகள்
பதினேழையும் கழற்றி மாட்டினேன்.
அதற்குப் பிறகுதான் தெரிந்தது:
ஏறும்போது வயிற்றைக் கலக்கிய படிக்கட்டு
இறங்கும்போது
வெறும் படிக்கட்டு.

விளக்குகளை எடுத்துப் பார்த்தேன், போதவில்லை.
சத்தம் வைத்தேன்.
அடியில் எங்கோ உருளை அரைக்கும் சத்தம்,
பெலிக்ஸ் இரவு ஷிப்ட்டில் போனில் பதிந்தது.
நடுவில் யாரோ இருமுகிறார்கள்.
வெட்ட மனசில்லை.
இப்போது படிக்கட்டில் நானே ஒரு நொடி நிற்கிறேன்,
இருமியது யாரென்று தெரிந்தும்.

வெளிச்சம் கணக்கிட ஐந்து மணி நேரம்.
நான்காம் மணியில் கரண்ட் போனது.
மறுபடி முதலிலிருந்து.
சுவெட்டருக்கு மேல் சால்வை,
விசைப்பலகைக்குப் பக்கத்தில் வர்க்கித் தூள்.
விடியும்போது திரையில்
ஒவ்வொரு தூணுக்கும் நிழல் விழுந்திருந்தது,
அதனதன் இடத்தில்.

இனி குறிப்புக் கோப்பு மட்டும்.
ஆடுபவர்: ஒருவர்.
கட்டிய காலம்: இரண்டு மழை.
சோதித்தவர்: பெலிக்ஸ் ஞானராஜ், டிரையர் ஃபிட்டர்.
தொழிலைப் போடாதீங்க என்றான்,
போட்டேன்.
தெரிந்த பிழை: பொட்டல அறையில் ஒரு பூதம்
சுவரையே பார்த்து நிற்கும்.
சுட்டாலும் திரும்பாது.
ஏனென்று தெரியவில்லை, மன்னிக்கவும்.
ரகசிய இடங்கள்: நான்கு.

மூன்று மெகாபைட்.
டவர் ஒரு கோடு காட்டுகிறது, பிறகு அதுவும் இல்லை.
போனை ஷட்டரின் மேல்விளிம்பில் செருகி வைத்தேன்.
எதிர்க்கடையில் பால் கேன் இறங்குகிறது,
முதல் பஸ் குன்னூருக்கு உறுமுகிறது.
தொண்ணூற்றொன்று சதவீதம்.
தொண்ணூற்றொன்று.
போய்விட்டது.

டப்பாவில் நிறைந்த தண்ணீரைக் கொட்டத் தெருவுக்கு வந்தபோதுதான்
நினைவு வந்தது:
மாடியில் முதல் தொட்டிக்குப் பின்னால்,
சோதனைக்கென்று நான் வைத்த ரவைப் பெட்டி.
நூறு ரவை.
எடுக்கவே இல்லை.

யாரோ ஒருவர், எந்த ஊரோ,
குனிந்து அதை எடுத்துக்கொண்டிருப்பார்.
குறிப்பில் நான்கு என்றுதானே எழுதினேன்.
ஐந்து.